பெற்றோர் விருப்பம்

"நான் பிளஸ் டூ கூட முடிக்கல, பாருங்க" என்று யாராவது மேடையில் உட்கார்ந்து பெருமை பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவர்களில் மேடை ஏறினவன் ஒருத்தன் பேசுகிறான். மீதிப் பேர் கரும்பு வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் யார் போய் மைக்கை நீட்டினது? நானும் நின்றவள்தான். பதினேழு வயதில், பிளஸ் டூ தொடங்கின இரண்டாவது வாரம், போனில் துப்பாக்கிச் சண்டை ஆடி உலகத்தையே பிடிக்கப் போகிறேன் என்று டி.சி. வாங்கிக்கொண்டு வந்தேன். மொத்தம் இருபத்தெட்டு நாள் நின்றேன். அந்த இருபத்தெட்டு நாளில் நான் எவ்வளவு பெரிய மடச்சியாக இருந்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். மற்றவர்களின் மடத்தனமும் வரும், விட மாட்டேன்.

எங்களுக்குக் கச்சிராயபாளையம் பக்கம். அணைத் தண்ணீர் பாயும் நிலத்தில் அப்பா குத்தகைக்குக் கரும்பு போடுகிறவர். அம்மாவும் அவரோடு காட்டில்தான். நான் ஒரே பிள்ளை. கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்கு என்று எனக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தார்கள். வகுப்பு நடந்ததோ இல்லையோ, நான் சுடக் கற்றுக்கொண்டேன். நன்றாகவே கற்றுக்கொண்டேன். அதில் பொய்யான அடக்கமெல்லாம் எனக்குக் கிடையாது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நூறு பேரை ஒரு தீவில் இறக்கி விடுவார்கள். ஒருத்தரை ஒருத்தர் சுட வேண்டும், கடைசியில் நிற்கிறவன் ஜெயித்தவன். நாலு நாலு பேராகச் சேர்ந்தும் ஆடலாம். எங்கள் நாலு பேரில் மற்ற மூன்று பேரும் பையன்கள். லீடர் கல்வராயன் மலையில் இருந்தான். அவன் வீட்டில் டவர் கிடைக்காது. மலை ரோட்டில் ஒரு வளைவு இருக்கிறதாம், அங்கே பாறை மேல் உட்கார்ந்தால்தான் கிடைக்கும். நாங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது பின்னால் பஸ் ஹாரன் கேட்கும். மூன்று பேருமே என்னை ஆம்பளை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஐடி ஆம்பளைப் பேரில். மைக் எப்போதும் ஆஃப். ஒரே ஒரு தடவை மைக்கைப் போட்டுத் தெரியாத கூட்டத்தோடு ஆடினேன். பெண் குரல் கேட்டதும் அவன்கள் பேசின பேச்சை இங்கே எழுதினால் தாள் நாறும். அன்றிலிருந்து என் மைக் ரிப்பேர். ஒன்றரை வருஷம் ரிப்பேராகவே இருந்தது, ஒருத்தனும் ஏன் என்று கேட்கவில்லை. அவ்வளவு புத்திசாலிகள்.

அப்போதுதான் சென்னையிலிருந்து ஒருத்தர் வந்தார். வந்தார் என்றால் மெசேஜில் வந்தார். டீம் வைத்திருக்கிறாராம், எங்கள் ஆட்டத்தைப் பார்த்தாராம், எங்களுக்கு டிரையல் வைக்கிறாராம். தினமும் காலை பத்திலிருந்து சாயந்தரம் ஐந்து வரை பயிற்சி, தேறினால் சம்பளம், வெளிநாட்டு மேட்ச். முகத்தைக் காட்டவே இல்லை, போட்டோ இருந்த இடத்தில் சிங்கம். சிங்கம் போட்டோ வைத்திருக்கிறவனை நம்பக்கூடாது என்று இப்போது எனக்குத் தெரியும்.

பத்திலிருந்து ஐந்து என்றால் அது அப்படியே பள்ளிக்கூட நேரம். "புரொஃபஷனல்னா எல்லாத்தையும் விட்டுட்டு வரணும் ப்ரோ" என்றான் லீடர். அவன் ஒன்பதாவதோடு நின்றவன். அவனுக்கு விட்டுவிட்டு வர என்ன இருந்தது? ஆனால் அன்றைக்கு எனக்கு அது பெரிய தத்துவமாகப் பட்டது.

அப்பாவிடம் சொன்ன நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காட்டிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன். அப்போது மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் தலையைத் தூக்க முடியவில்லை.

"அப்பா, எனக்குப் படிப்பு வேணாம்பா."

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "இன்னாம்மா சொல்ற?"

"படிப்பு வேணாம். வேற ஆசை இருக்குது. நீ சரின்னு சொன்னா போதும்பா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "அவுளே வாயத் தொறந்து கேக்கறா, இன்னும் இன்னா யோசிச்சிக்கினு கீறீங்க?" என்றாள். அப்பா தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அப்புறம், "சரிம்மா, ஒன் ஆசப்படியே செஞ்சிடலாம்" என்றார். அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. என்ன ஆசை என்றுகூடக் கேட்கவில்லை. எங்கள் அப்பாவைப் போல ஒருத்தர் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டு, எதிரில் வந்தவனைச் சுட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமையாசிரியை அன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் மீட்டிங்கில் இருந்தார். ஆபீசில் கிளார்க் மட்டும். "இன்னா காரணம் போடறது?" என்று கேட்டார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். கிளார்க்கும் சிரித்தார். 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பழி என் மேல் விழாமல் அப்பா தன் மேல் போட்டுக்கொள்கிறாரே என்று. சீ, இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். நான் அம்மாவிடம் ஒரு பேச்சுக்கு, "மொகம் தெரியற மாதிரி வீடியோ போடணும்னா பின்னால செவுரு நல்லா இருக்கணும்மா" என்று சொல்லியிருந்தேன். நாலாம் நாள் அப்பா சுண்ணாம்பு வாளியோடு வந்தார். கூடத்துச் சுவர் முழுக்க அவரே அடித்தார். அடுத்த வாரம் புது டியூப் லைட். அதற்கடுத்த வாரம் டவுனிலிருந்து இரண்டு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, கை வைத்தது. கேம் ஆடுகிறவர்களுக்கென்று முதுகு சாய்கிற பெரிய நாற்காலி விற்கிறார்களே, அதற்குப் பதிலாக நம்ம வசதிக்கு அப்பா இதை வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒன்றில் உட்கார்ந்து, இன்னொன்றில் காலை நீட்டிக்கொண்டு, பத்திலிருந்து ஐந்து வரை ஆடினேன். போகும்போதும் வரும்போதும் அப்பா என்னைப் பார்த்துச் சிரிப்பார். அம்மா ஒரு வேலை வைக்கவில்லை. "இருக்கற வரைக்கும் சொகமா இருக்கட்டும்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுகூட என் மண்டையில் ஏறவில்லை. எங்கள் குரூப்பில் எழுதினேன்: எங்கப்பா எனக்கு ஸ்டூடியோ போட்டுத் தராருடா. "செம்ம அப்பா ப்ரோ" என்று மூன்று பேரும் இதயம் அனுப்பினார்கள்.

ஆடி பிறக்க நாலைந்து நாள் இருக்கும்போது ஒரு காலையில் அம்மா மல்லிப்பூவும் தன்னுடைய கல்யாணப் பட்டும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "போன வெச்சிட்டு மூஞ்சியக் கழுவு. சங்கராபுரத்துலருந்து கிளம்பிட்டாங்களாம்."

"யாரு? டீம்லருந்தா?"

"டீமாவது கீமாவது. மாப்ள வூட்டுக்காரங்கடி. ஆடி பொறந்துட்டா பொண்ணு பாக்க வர மாட்டாங்க இல்ல."

"நான் எப்பம்மா கல்யாணம் கேட்டேன்?"

"நீதானேடி கேட்ட? தலையக் குனிஞ்சிக்கினு, நிமிராம, எவ்ளோ வெக்கமா கேட்ட! ஒங்கப்பா அன்னிக்குப் பாதி சோறு துன்னாம எழுந்துட்டாரு, பொண்ணு இவ்ளோ பெருசாயிட்டாளேன்னு."

"நான் போன் பாத்துக்கினு இருந்தேம்மா!"

அம்மா நம்பவில்லை. எப்படி நம்புவாள்? எங்கள் பக்கத்தில் படிப்பு வேண்டாம் என்று ஒரு பெண் தானாகச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தம் கிளார்க்குக்குத் தெரிந்திருக்கிறது, சுண்ணாம்புக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. தெருவிலேயே தெரியாதவள் நான் ஒருத்திதான். நூறு பேரில் யார் எந்தப் புதருக்குள் படுத்திருக்கிறான் என்று கண்டுபிடிக்கிறவளுக்கு, தன் வீட்டுக் கூடத்துக்கு எதற்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

அப்பாவிடம் ஓடலாம் என்று திரும்பினால் வாசலில் கார் நின்றுவிட்டது.

மாப்பிள்ளை தூரத்துச் சொந்தம்தான், அத்தை முறை ஒருத்தரின் மகன். செல்போன் கடை வைத்திருக்கிறான். பதினொன்றாவதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைச் சொல்லும்போது அவன் அம்மாவுக்கு அத்தனை பெருமை: "படிப்பு ஏறலீங்கண்ணா, ஆனா போன்ல கில்லாடி. எந்நேரமும் அதான்." எல்லோரும் சிரித்தார்கள். அவன் ஒரு சிவப்பு நாற்காலியில், அதாவது என் நாற்காலியில், உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் போனைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் தலை குனிந்தால் மட்டும் அது வெட்கம் இல்லை, பாருங்கள்.

காபித் தட்டோடு போனேன். சத்தம் கேட்டதுமே தெரிந்துவிட்டது, நான் ஆடுகிற அதே கேம். தட்டை நீட்டும்போது எட்டிப் பார்த்தேன். ஐயோ, அது ஆட்டமா! வெட்டவெளியில், கல்யாண ஊர்வலத்தில் நடப்பது போல நடந்து ஒரு மாடி வீட்டுக்குள் நுழைகிறான். மேலே ஒருத்தன் நடக்கிற சத்தம் போனில் டப் டப் என்று கேட்கிறது. இவனுக்கு உறைக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"மேல ஆள் இருக்கான்" என்றேன்.

அவன் அப்பா சட்டென்று எங்கள் வீட்டு ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். அவரைப் பார்த்து எங்கள் அப்பாவும் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அதற்குள் மாப்பிள்ளை செத்துப்போனான்.

"உனக்கு எப்பிடித் தெரியும்? நீ ஆடுவியா?" என்று முதல் தடவையாகத் தலையைத் தூக்கிக் கேட்டான்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. அதாவது வேலை செய்ததாக நினைத்தேன். இவனை இத்தனை பேர் முன்னால் தோற்கடித்தால் ரோஷம் வந்து எழுந்து போய்விடுவான், கல்யாணம் நின்றுவிடும். "ஒத்தைக்கு ஒத்தை ஆடலாமா? அஞ்சு ரவுண்டு" என்றேன். அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். அவன் அம்மா, "ஆடட்டும் அண்ணி, சின்னஞ்சிறுசுங்க" என்றாள்.

பட்டுப்புடவையோடு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஆடினேன். ஐந்து ரவுண்டு, ஐந்திலும் சுட்டேன். கடைசி ரவுண்டில் துப்பாக்கிகூட எடுக்கவில்லை, கேமில் கிடைக்கிற வாணலியால் அடித்தே கொன்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக ஆடினதில்லை. நிமிர்ந்து, எழுந்திரு, போ, என்று அவன் முகத்தைப் பார்த்தேன்.

அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "செம்மயா ஆடறா! எனக்கு ஓகேம்மா. பேசி முடிச்சிடுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். "கல்யாணத்துக்கு அப்புறமும் ஆடட்டும், நாங்க இன்னா வேணாம்னா சொல்லப்போறோம்? வேலையெல்லாம் முடிச்சிட்டு ஆடட்டும்" என்றாள் அவன் அம்மா. எனக்குப் பதினெட்டாக இன்னும் ஆறு மாதம் இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஆவணியில் கோயிலில் வைத்துக்கொள்ளலாம், பத்திரிகை அடிக்க வேண்டாம் என்று பேசிக்கொண்டார்கள். தேங்காய் பழத் தட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

லீடருக்கு மெசேஜ் போட்டேன். நான் ஆம்பளை இல்லை, பொண்ணு, எனக்குக் கல்யாணம் செய்து வைக்கப் பார்க்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்று. பாறைக்கு வந்து டவர் கிடைத்ததும் பதில் போட்டான்: "வாழ்த்துகள் ப்ரோ. சனிக்கிழம மேட்சுக்கு வந்துடுவ இல்ல?" ஒன்றரை வருஷம் அவன் சாகப்போகும்போதெல்லாம் ஓடி ஓடிக் காப்பாற்றினவள் நான். சென்னைக்காரருக்கும் எழுதினேன். அவர் பதிலே போடவில்லை. சிங்கத்தை எடுத்துவிட்டுப் புலியை வைத்திருந்தார்.

மறுநாள் காலையில் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். தலைமையாசிரியை என்னை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாணம்னு சொன்னாங்களே?"

"இல்ல டீச்சர். கேம் ஆட நின்னேன்."

"கேமுக்கா?" நெற்றியில் அடித்துக்கொண்டார். "நிக்கறதுக்கு ஒனக்கு வேற காரணமே கெடைக்கலியா? போ, அப்பாவக் கூட்டிக்கினு வா. திரும்பச் சேக்கணும்னா அவுரு லெட்டர் குடுக்கணும், கையெழுத்துப் போடணும்."

"வரமாட்டாரு டீச்சர். ஆவணியில கல்யாணம்னு தட்டு மாத்திட்டாரு."

அவர் ஜன்னல் வழியாகக் காம்பவுண்டுச் சுவரைக் காட்டினார். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆபத்தென்றால் கூப்பிடச் சொல்லி ஒரு நம்பர் பெரிதாக எழுதியிருந்தது. ஆறாவதிலிருந்து தினமும் அதைத் தாண்டித்தான் போய்வந்தேன். "அது யாருக்குன்னு நெனச்ச? அழகுக்கு எழுதி வெச்சிருக்காங்களா?" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், அன்றைக்கு ஏன் தலை குனிந்திருந்தேன் என்பது வரைக்கும். அவர் முகம் சுருங்கிப் போனது. ஆனால் இறங்கவில்லை.

"வாக்குக் குடுத்துட்டேம்மா. தட்டு மாத்தியாச்சி. மாப்ள வூட்லதான் ஆடச் சொல்றாங்களே, இன்னும் ஒனக்கு இன்னா?"

அவர்கள் யார் என்னை ஆடச் சொல்வதற்கு? எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை எடுத்து அந்த நம்பரைத் தட்டி, கடைசிப் பொத்தான் மேல் விரலை வைத்துக் காட்டினேன். "நாளைக்கு வந்து கையெழுத்துப் போடு. இல்லன்னா இத அமுக்கிடுவேன்."

"பெத்த அப்பனப் போலீஸ்ல புடிச்சிக் குடுப்பியா?"

"குடுப்பேன்" என்றேன். குடு என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அவர் மேல் எனக்கு அவ்வளவு பாசம். அந்தச் சுண்ணாம்பும் நாற்காலியும் எனக்காக வாங்கினது என்று நினைத்துத் திரிந்த நாட்கள் மாதிரி நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

அம்மாதான் அடுப்படியிலிருந்து கத்தினாள். "அவ அமுக்கிடுவா, அவ வெரலு சும்மா இருக்காது! போயி அந்தக் கையெழுத்தப் போட்டுத் தொலைங்க. நேத்து வந்தவன் எங்கியும் ஓடிப்போவ மாட்டான், ஓடினா ஓடட்டும்." அம்மா எட்டாவதில் நிறுத்தப்பட்டவள். அவளை யாரும் கேட்டு நிறுத்தவில்லை.

மறுநாள் பள்ளிக்கூட ஆபீசில் வெள்ளைத்தாளில் நானே லெட்டர் எழுதினேன், அப்பா எழுதுவது போல. 'என் மகள் கல்யாணத்துக்காகப் படிப்பை நிறுத்தினாள் என்று நினைத்து நான் டி.சி. வாங்கிவிட்டேன். அவள் போனில் கேம் ஆடுவதற்காக நிறுத்தினாள். தயவுசெய்து அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும்.' அப்பா பேனாவைப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். கேம் என்கிற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். தட்டு மாற்றின நாளிலிருந்து அன்றைக்குத்தான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

"அன்னிக்குத் தோத்துட்டியேன்னுதான் கோவமாம்மா?"

"நான் எங்கபா தோத்தேன்? அஞ்சும் நான்தான் ஜெயிச்சேன். நீ பக்கத்துலதானே ஒக்காந்துக்கினு இருந்த?"

"நீயா?" என்றார். "எனக்கு அதுல இன்னா தெரியும்? அவருதானே சிரிச்சாரு, எல்லாரும் அவருக்குத்தானே கைதட்டினாங்க. மாப்ளதான் ஜெயிச்சிட்டாருன்னு நெனச்சேன்."

அப்பா இன்னும் கொஞ்ச நேரம் லெட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அஞ்சுமேவா?" என்று மெல்லக் கேட்டார். தலையை ஆட்டினேன். கையெழுத்தைப் போட்டார்.

கிளார்க் லெட்டரை வாங்கிப் படிக்காமலேயே ஃபைலில் குத்தினார். பெரிய ரிஜிஸ்டரைத் திறந்து என் பேரைத் திரும்ப எழுதினார். மறுபடி சேருவதற்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் இரண்டு பேரையும் அவர் கேட்கவில்லை. 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதி மூடி வைத்தார்.